கட்டுரையா? கட்டுண்ட உரையா?

"கட்டுரை எழுதுக!" ஆணை பிறக்கிறது. வகுப்பறை அடங்குகிறது. நாற்பது தலைகள் குனிகின்றன. நாற்பது கரங்கள் விரைகின்றன. நாற்பது ஏடுகள் நிறைகின்றன. நிறைந்தபின் எடுத்துப் பாருங்கள்! அங்கே இருப்பவை நாற்பது கட்டுரைகள் அல்ல. ஒரே கட்டுரை, நாற்பது முறை! எழுதியவர் நாற்பதின்மர், எண்ணியவர் ஒருவரும் இலர். எண்ணவேண்டியதை எங்கோ நகரத்திலே, துணைநூல் அச்சிடும் கூடத்திலே, எவரோ ஒருவர் என்றோ எண்ணி முடித்துவிட்டார். அவர் எண்ணியதை ஆசிரியர் கரும்பலகையில் இறக்கினார். கரும்பலகையில் இருந்ததை மாணவர் ஏட்டில் ஏற்றினர். ஏட்டில் ஏறியதை இரவெல்லாம் ஓதி, நெஞ்சிலே நிறுத்தி, தேர்வு மண்டபத்திலே கொட்டிவிட்டு, வாயிலைத் தாண்டியதும் மறந்தனர். இதற்குப் பெயர் கட்டுரைப் பயிற்சியாம்!

நாம் கேட்கிறோம்: இது பயிற்சியா, பாராயணமா? பொருளறியாமல் மந்திரத்தின் ஒலியை மட்டும் ஒப்பிக்கும் புரோகிதரைக் கண்டு நகைக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளை முன்னுரை தொடங்கி முடிவுரை வரையில் அதே முறையில் ஒப்பிக்கும்போது, மதிப்பெண் தந்து மகிழ்கிறோம். இரண்டுக்கும் வேறுபாடு என்ன? அது வடமொழியில், இது தமிழில். அவ்வளவுதானே!

'கட்டுரை' என்றால் கட்டிய உரை. கட்டியது யார் என்பதே கேள்வி. மாணவன் தன் அறிவால் கட்டினால் அது கட்டுரை. பிறர் கட்டிவைத்ததற்குள் மாணவனை அடைத்து வைத்தால், அது கட்டுண்ட உரை. இன்று பெரும்பாலான பள்ளிகளில் நடப்பது இரண்டாவதுதான்.

மலைமகன் எழுதும் மலைச் சுற்றுலா

பழனி மலைத்தொடரிலே அடுக்கம் என்றோர் ஊர் உண்டு. திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் வட்டம். பெருமாள்மலையிலிருந்து கிளைத்து இறங்கும் பாதை, அடுக்கத்தின் வழியே கும்பக்கரைக்கும் பெரியகுளத்துக்கும் செல்கிறது. மலைமேல் நிற்பவன் திண்டுக்கல் மாவட்டத்தான். பாதை முடியும் அடிவாரமோ தேனி மாவட்டம். காப்பியும் மிளகும் வாழையும் விளையும் சரிவுகள். மழை வலுத்தால் மண் சரிந்து பாதை அடைபடும். ஊர் உலகத்திடமிருந்து துண்டிக்கப்படும்.

நம் பள்ளிகளிலே பல்லாண்டாக வலம் வரும் கட்டுரைத் தலைப்பு ஒன்று: 'நான் சென்ற இன்பச் சுற்றுலா.' அதற்கென்றே வாய்த்த இடம் கொடைக்கானல். அதிகாலையில் பேருந்து புறப்படும். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும். குளிர்காற்று முகத்தை வருடும். ஏரியிலே படகு மிதக்கும். தூண்பாறையை மேகம் மூடும். மனம் நிறைந்து மாணவர் இல்லம் திரும்புவர். முடிவுரையும் வந்துவிடும்!

தஞ்சைத் தரணியிலுள்ள பிள்ளை இதனை ஓதினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுக்கத்துப் பிள்ளை ஓதினால்? எண்ணிப் பாருங்கள், தோழர்களே! தன் வீட்டுக் கூரைமேல் தவழும் மேகத்தைக் காண அவன் பேருந்து ஏறவேண்டுமாம்! தன் தாய் கூலிக்குப் பறிக்கும் காப்பிக் கொட்டையை அவன் 'கண்டு வியக்க' வேண்டுமாம்! பாதை அடைபட்ட நாளில் நோயாளியை எப்படி இறக்கினார்கள் என்பதை அவன் அறிவான், எழுதமாட்டான். கேட்பாரில்லை. எந்தப் பழம் எந்தத் திங்களில் என்ன விலைக்குப் போகிறது, இடைத்தரகர் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார் என்பதை அவன் அறிவான், எழுதமாட்டான். தலைப்பில்லை. அறிந்ததை எழுதத் தடை. அறியாததை எழுதப் பரிசு. சொந்த மலையிலே அவனை விருந்தாளியாக்கி வைக்கும் வித்தைக்குக் கட்டுரை என்று பெயர்.

இது புதிய வித்தையும் அன்று. 1845ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதிரிமார் குடும்பங்கள் கொடைக்கானலில் குடியேறின. வண்டிகள் ஏறும் சாலை அமையும் வரையில், பெரியகுளத்துப் பக்கமிருந்து செங்குத்தாக ஏறிய பழைய பாதையில், துரைமாரையும் துரைசானிகளையும் நாற்காலியிலே சுமந்து சென்றவை தமிழர் தோள்கள். சுமக்கப்பட்டவர் கடிதம் எழுதினர், நாட்குறிப்பு எழுதினர், நூல் எழுதினர். சுமந்தவருக்கு எழுத்து ஏது? ஆகவே மலையின் வரலாறு, நாற்காலியில் அமர்ந்தவர் கண்ட வரலாறாயிற்று. நாற்காலியின் கீழே வியர்த்த நெற்றி கண்ட வரலாறு மலைக்காற்றோடு போயிற்று. நாற்காலி போய்விட்டது, தோளுக்கு விடுதலை கிடைத்தது. எழுதுகோலுக்குக் கிடைத்ததா? அதுதான் இன்று நாம் எழுப்பும் வினா.

மனுவின் நூலும் மனு எழுதும் கையும்

இந்த நோய்க்கு வேர் எங்கே? சூத்திரனுக்கு அறிவு புகட்டாதே என்றது மனுவின் நூல். கற்பவன் யார், கற்பிப்பவன் யார் என்பது பிறப்பிலேயே தீர்மானிக்கப்பட்ட நாட்டிலே, படிப்பு என்பது முன்னோர் மொழிந்ததைப் பின்னோர் காப்பதாகவே நின்றது. காப்பதற்கு நினைவாற்றல் போதும், வினா வேண்டியதில்லை. வினா எழுப்பினால் காவல் கெடும் அல்லவா!

திண்ணைப் பள்ளியும் அந்த மரபிலேதான் நடந்தது. மணலிலே எழுத்து, வாயிலே பாட்டு, முதுகிலே பிரம்பு. சென்னையிலே வெள்ளையர் நடத்திய ஆதரவற்றோர் விடுதிப் பள்ளியின் தலைவராயிருந்த ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தி, 1797இல் அதுபற்றி இலண்டனில் நூலும் வெளியிட்டார். எழுத்தைப் பழக்கும் முறை கடல் கடந்தது! எண்ணத்தைப் பழக்கும் முறையோ திண்ணையைக்கூடத் தாண்டவில்லை. ஏனெனில் அது அங்கே இல்லை.

பிறகு பள்ளிகள் பெருகின. பெருகும்போதும் அச்சம் போகவில்லை, சிலருக்கு. 1953இல் அரைநாள் படிப்பு, அரைநாள் தந்தை தொழில் என்றொரு திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று நாடு அதனைக் கண்டித்தது; 1954இல் அது கைவிடப்பட்டது. சிரைப்பவன் மகன் சிரைக்கவும் வெளுப்பவன் மகன் வெளுக்கவும் வேண்டும் என்ற ஏற்பாடு வீழ்ந்தது. நன்று! ஆனால் முழுநாளும் பள்ளியில் அமர்ந்த அந்த மகனுக்கு நாம் தந்தது என்ன? தந்தையின் கத்தியை வாங்கி வைத்துவிட்டு, பிறர் எழுதிய கட்டுரையைக் கையிலே கொடுத்தோம். முன்னே குலத்தொழில், பின்னே குருட்டு மனப்பாடம். கதவு திறந்தது, சாளரம் திறக்கவில்லை.

எழுத்து கைக்கு வந்தால் என்ன நிகழும் என்பதை 1991இல் புதுக்கோட்டை காட்டிற்று. அறிவொளி இயக்கத்திலே உழைக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தறிந்தனர், மிதிவண்டி ஏறினர். எழுத்தறிந்த கைக்குக் கையொப்பம் வந்தது. கையொப்பத்தை அடுத்து மனு வந்தது. மனுவின் நூல் எழுத்தை மறுத்தது. மறுக்கப்பட்ட கையே இன்று மனு எழுதுகிறது! வரலாறு செய்த இந்தச் சொல்விளையாட்டைவிடச் சுவையானது வேறில்லை. ஆனால் ஒன்று. மனு வெல்ல வேண்டுமானால் அதிலே குறை கூறப்பட வேண்டும், சான்று காட்டப்பட வேண்டும், தீர்வு கேட்கப்பட வேண்டும். அதாவது, மனு ஒரு கட்டுரை. கட்டுரை கற்காதவன் கெஞ்சுவான்; கட்டுரை கற்றவன் கேட்பான்.

இரு காதைகள்

தமிழிலே சான்றுகாட்டி வழக்குரைக்கும் மரபு இல்லையோ என்று எவரும் ஐயுற வேண்டாம். சிலப்பதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வழக்குரை காதை என்று ஒன்று. கட்டுரை காதை என்று மற்றொன்று. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவர்க்கு நாம் கூற வருவது விளங்கிவிடும்.

வழக்குரை காதையிலே கண்ணகி மன்னன்முன் நிற்கிறாள். அழுதால் மட்டும் போதாது என்று அவளுக்குத் தெரியும். தன் ஊர், தன் குடி, தன் கணவன் பெயர் அனைத்தும் முறையாகக் கூறுகிறாள். தன் காற்சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். மன்னன் தன் அரசியின் சிலம்பின் பரல் முத்து என்கிறான். இப்போது வினா ஒன்றே ஒன்று: உள்ளே இருப்பது எது? சிலம்பு உடைகிறது. மாணிக்கம் தெறிக்கிறது. தீர்ப்பு முடிந்தது! கூற்று, மறுகூற்று, சோதனை, சான்று, முடிவு. இதற்குமேல் கட்டுரை இலக்கணம் எது?

கட்டுரை காதையிலே மதுராபதி என்னும் தெய்வம் தோன்றுகிறது. கோவலன் ஏன் கொலையுண்டான் என்பதற்கு அது தரும் விளக்கம் என்ன? முற்பிறப்பிலே அவன் பரதன் என்பவனாயிருந்து, சங்கமன் என்னும் வணிகனைக் கொல்வித்தானாம். அந்த வணிகன் மனைவி நீலி இட்ட சாபம் இப்பிறப்பிலே பலித்ததாம்! பொற்கொல்லனின் பொய், மன்னனின் ஆராயாமை, கண்முன் நின்ற காரணங்கள் எல்லாம் பின்னுக்குத் தள்ளப்பட்டன. காணமுடியாத காரணம் முன்னுக்கு வந்தது. உடைத்துப் பார்க்கச் சிலம்பும் இல்லை, வினவிப் பார்க்கச் சாட்சியும் இல்லை.

பெயரளவில் கட்டுரை அது. பொருளளவில் கட்டுரை இது. நம் பள்ளிகள் பெயரைப் பிடித்துக்கொண்டன, பொருளை விட்டுவிட்டன. நாம் கேட்பது, மாணவர் கையில் சிலம்பைக் கொடுங்கள் என்பதே. உடைத்துப் பார்க்கட்டும்!

தாள்துண்டுகள் செய்த புரட்சி

"வழி உண்டோ?" என்பீர். உண்டு. அதுவும் ஒரு மலையூரிலேயே கண்ட வழி.

இத்தாலி நாட்டிலே, புளோரன்சு நகருக்கு வடக்கே, மலைமீது பார்பியானா என்ற சிற்றூர். 1954இல் லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் அங்கே அனுப்பப்பட்டார். அவருடைய மதத்தை நாம் பேச வரவில்லை. அவர் நடத்திய பள்ளியைப் பேசுகிறோம். அரசுப் பள்ளிகள் தோல்வி முத்திரை குத்தி விரட்டிய உழவர் பிள்ளைகள் அங்கே கூடினர். அவர்களில் எண்மர் சேர்ந்து ஓர் ஆசிரியைக்குக் கடிதமாக ஒரு நூல் எழுதினர். 1967இல் அது வெளிவந்தது. உலகின் பல மொழிகளுக்கும் சென்றது, தமிழுக்கும் வந்தது. மருத்துவர் மகன் பியரீனோ தேர்ச்சி பெறுகிறான், உழவர் மகன் ஜான்னி தோற்கிறான். இது தற்செயலா, ஏற்பாடா என்று கேட்டனர் அப்பிள்ளைகள். அழுது கேட்கவில்லை, கணக்குக் காட்டிக் கேட்டனர். அரசின் புள்ளிவிவரங்களையே எடுத்து, எந்த வகுப்பில் எவர் பிள்ளைகள் எத்தனை பேர் உதிர்கின்றனர் என்று பட்டியலிட்டனர்.

எப்படி எழுதினர்? அதையும் அந்நூலிலேயே விளக்கினர். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு சிறு குறிப்பேடு. தோன்றிய கருத்தை உடனே குறித்தனர். ஒரு கருத்துக்கு ஒரு தாள்துண்டு. ஒரு பக்கத்தில் மட்டும் எழுத்து. ஒருநாள் எல்லாத் துண்டுகளையும் பெரிய மேசைமேல் பரப்பினர். இருமுறை வந்தவற்றைக் கழித்தனர். இனம் இனமாகக் குவித்தனர். ஒவ்வொரு குவியலும் ஓர் இயலாயிற்று. குவியலுக்குள் வரிசை அமைத்தனர். வரிசை அமைந்தபின்னரே முதற்படி எழுதினர். பிறகு வெட்டினர், வேண்டாத சொல்லை, மிடுக்குக்காக வந்த சொல்லை, நீண்டு கிடந்த தொடரை. பிறகு வெளியாட்களை ஒருவர்பின் ஒருவராக அழைத்துப் படிக்கச் சொன்னார்கள். விளங்கவில்லை என்றால் மீண்டும் எழுதினர்.

காணீர் இந்த முறையை! இதிலே மேதை எங்கே? கலைமகள் அருள் எங்கே? நாவிலே எழுதிய தெய்வம் எங்கே? ஒன்றுமில்லை. குறிப்பேடு, தாள்துண்டு, மேசை, கத்தரிக்கோல், உழைப்பு. எழுத்து என்பது வரம் அன்று, வேலை. தச்சுவேலை போல், நெசவுவேலை போல், படிப்படியாகக் கற்றுத்தரக்கூடிய வேலை. வரம் என்றால் சிலருக்கே. வேலை என்றால் எல்லோருக்கும். வரம் என்று சொல்லிவைத்தது யாருக்கு நலம் என்று எண்ணிப் பாருங்கள்!

அடுக்கத்துப் படிகள்

'அடுக்கம்' என்பது அழகிய பழஞ்சொல். அடுக்கடுக்காய் எழும் மலைச்சாரலைச் சங்கப் புலவர்கள் அச்சொல்லால் வழங்கினர். கட்டுரையும் ஓர் அடுக்கந்தான். படி ஏறாமல் உச்சிக்குப் போக இயலாது. அடுக்கத்து மாணவி ஒருத்தி 'எங்கள் பாதை ஏன் சரிகிறது?' என்று எழுத முனைகிறாள் என்று கொள்வோம். அவள் ஏறவேண்டிய படிகள் இவை.

முதற்படி, வினா. 'மழையின் சிறப்பு' என்பது தலைப்பு. 'பாதை ஏன் சரிகிறது' என்பது வினா. தலைப்பு தூங்க வைக்கும், வினா துரத்தும். மாணவர் கையில் தலைப்பைத் தராதீர். வினாவை எழுப்ப விடுங்கள்.

இரண்டாம் படி, திரட்டல். எந்த வளைவிலே சரிந்தது? அங்கே மலையைச் செங்குத்தாக வெட்டியிருக்கிறார்களா? மேலே மரம் இருக்கிறதா, மொட்டையா? ஓடிவரும் நீருக்கு வடிகால் உண்டா? உள்ள வடிகால் அடைபட்டிருக்கிறதா? அவள் நடந்து பார்க்கிறாள், குறிக்கிறாள். சாலைப் பணியாளரைக் கேட்கிறாள். ஜீப் ஓட்டுநரைக் கேட்கிறாள். தோட்டத்திலே நரைத்த தலைகளைக் கேட்கிறாள். சரிவு நிகழ்ந்த நாட்களில் எத்தனை மில்லிமீட்டர் மழை என்பதை அரசின் மழை அளவீட்டில் தேடுகிறாள். ஒரு செய்திக்கு ஒரு துண்டு.

மூன்றாம் படி, ஆய்தல். துண்டுகளை மூன்று குவியலாகப் பிரிக்கிறாள்: கண்டது, கேட்டது, கருதியது. "மலைத்தெய்வத்தின் சினம்" என்று ஒரு முதியவர் கூறினால் அதையும் எழுதிக்கொள்ளட்டும். கேட்டது என்ற குவியலில் வைக்கட்டும். பிறகு வினவட்டும்: தெய்வத்தின் சினம் வடிகால் இல்லாத வளைவிலே மட்டும் ஏன் வருகிறது? அடிமண்ணை வெட்டினால் மேல்மண்ணுக்குப் பிடிப்பில்லை. நீர் ஊறினால் மண் கனக்கும், நெகிழும். வேர் போனால் கட்டு போகும். மூன்றும் சேர்ந்தால் மலை இறங்கும். பகுத்தறிவுப் பரப்புரைக்கென நாம் நூறு மேடை போட்டுச் செய்வதை, இந்த மூன்று குவியல்கள் ஓசையின்றிச் செய்து முடிக்கின்றன.

நான்காம் படி, அடுக்கல். எது முன், எது பின்? காரணம் முன்னா, விளைவு முன்னா? படிப்பவர் ஊரறியாதவர் என்றால் ஊர் முதலில் வரவேண்டும். ஊரவர் என்றால் வேண்டியதில்லை. 'முன்னுரை, பொருளுரை, முடிவுரை' என்னும் மூன்று பெட்டிகளை நாம் உடைக்கச் சொல்லவில்லை. பொருள் சேர்ந்தபின் பெட்டி செய்க என்கிறோம். இன்றோ பெட்டி முதலில் வருகிறது. குறிப்புகள்கூட வினாத்தாளிலேயே வந்துவிடுகின்றன. மாணவன் செய்யவேண்டியது பெட்டிக்குள் பஞ்சு அடைப்பதுதான்.

ஐந்தாம் படி, எழுதல். முதற்படியிலே பிழை வரட்டும், பேச்சுத்தமிழ் வரட்டும், கோணல் வரட்டும். "அடித்தல் திருத்தல் இன்றி எழுதுக" என்று அறிவுரை கூறுகிறார்களே, இதைவிடப் பொல்லாத அறிவுரை உண்டா? அடித்தல் என்பது எண்ணத்தின் அடிச்சுவடு. திருத்தல் என்பது அறிவு திரும்பிப் பார்த்ததன் அடையாளம். அடித்தல் இல்லாத ஏடு, எண்ணாத தலையின் ஏடு.

ஆறாம் படி, திருத்தல். இதற்கு நாம் வெளிநாடு செல்லவே வேண்டாம். பவணந்தியாரின் நன்னூல், நூலுக்கு வரும் குற்றங்கள் பத்து என்று வகுத்திருக்கிறது. சொன்னதையே சொல்வது, கூறியது கூறல். எடுத்த பொருளை விட்டு வேறெங்கோ ஓடுவது, மற்றொன்று விரித்தல். பொருளில்லாச் சொற்களை வெறுமனே கோப்பது, வெற்றெனத் தொடுத்தல். தொடக்கத்தில் முழங்கி முடிவில் மெலிவது, சென்று தேய்ந்திறுதல். எத்தனை கூர்மை! எத்தனை பயன்! ஆனால் நம் பள்ளியிலே இப்பத்தும் என்ன ஆயின? 'பத்துக் குற்றங்கள் யாவை?' என்று வினாவாகி, மனப்பாடமாகி, மதிப்பெண்ணாகி மாண்டன. தன் கட்டுரையைத் தானே சோதிக்கத் தந்த கருவியைத் தேர்வுக்குரிய பட்டியலாக்கிவிட்டோம். அரத்தைக் கொடுத்தான் முன்னோன். அதை மாலையிட்டுச் சுவரிலே மாட்டினான் பின்னோன்.

ஏழாம் படி, ஊருக்கு உரைத்தல். சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கிராமசபை கூடுகிறது. அந்த மாணவியின் கட்டுரை அங்கே படிக்கப்படட்டும். "எங்கள் பாதையின் இந்த வளைவுகளுக்கு வடிகால் வேண்டும், காரணம் இவை" என்று பதின்மூன்று வயதுப் பெண் சான்றோடு கூறும்போது, தலையாட்டிகள் நிறைந்த மன்றத்திலே முதன்முறையாகத் தலைகள் நிமிரும்.

மறுப்பாரும் மறுமொழியும்

"நேரம் எங்கே, ஐயா? பாடம் முடிக்கவேண்டுமே!" என்பார் ஓர் ஆசிரியர். அவர்மீது நமக்குச் சினமில்லை. பதிவேடுகளும் பயிற்சிகளும் கணக்கெடுப்புகளும் அவரை அழுத்துவதை அறிவோம். ஆயினும் கேட்கிறோம்: ஒரு திங்களில் நான்கு கட்டுரைகளை நகலெடுக்க வைக்கும் நேரத்தில், நான்கு கிழமைகளில் ஒரே கட்டுரையைப் படிப்படியாக எழுத வைக்க முடியாதா? நேரம் அதேதான். பயன்தான் வேறு.

"தேர்வில் மதிப்பெண் வேண்டாமா?" என்பார் பெற்றோர். வேண்டும். ஆகவேதான் தேர்வையே மாற்றச் சொல்கிறோம். முடிந்த கட்டுரைக்கு மட்டுமன்றி, சேர்த்த குறிப்புக்கும் திருத்திய படிக்கும் மதிப்பெண் தருக. வினாத்தாளிலே குறிப்புச் சட்டத்தைத் தருவதற்கு மாறாக, பத்துச் செய்திகளைக் கலைத்துத் தருக, தேர்ந்தெடுத்து அடுக்கட்டும். இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று முரணட்டும். எதை ஏற்பான், ஏன் ஏற்பான் என்று எழுதட்டும். அதை மனப்பாடம் செய்ய எந்தத் துணைநூலாலும் உதவ இயலாது.

"மலைப்பிள்ளைக்கு எழுத என்ன தெரியும்?" என்பார் மேதாவி. இதற்குத்தான் நமக்குச் சினம் வருகிறது. எந்தப் பூ மலர்ந்தால் எந்தத் தேனீ வரும் என்பதைப் பளியர் குடிப் பிள்ளையிடம் கேட்டுப் பாரும். நீர் எழுதும், அவன் சொல்லட்டும்! பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதை 2006இலும் 2018இலும் அம்மலையிலே பலர் கண்டனர். படம் எடுத்தனர், சென்றனர். குறிஞ்சி இருந்த புல்வெளியிலே அயல்நாட்டுச் சவுக்கும் பைனும் எப்படிப் படர்ந்தன, ஓடை ஏன் வற்றியது என்பதை அங்கேயே இருந்து கண்டவன் யார்? அவன் அறிவு குறைந்தவனல்லன். அவன் அறிந்ததைக் கேட்காத கல்வியே அறிவு குறைந்தது.

பாதரசம் கற்பித்த பாடம்

இவையெல்லாம் பள்ளிக்கூடத்துப் பேச்சு என்று ஒதுக்குவோர்க்கு அதே மலையின் ஒரு நிகழ்ச்சி. கொடைக்கானலிலே வெப்பமானி செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக்கொண்டு வரப்பட்டது. 1980களில் இயங்கத் தொடங்கி, பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிக் குவியல் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய இரும்புக் கடை ஒன்றில் கிடப்பதை ஊரார் கண்டனர். கண்டதோடு நிற்கவில்லை. இது என்ன, எங்கிருந்து வந்தது, எவ்வளவு, எவர் பொறுப்பு என்று கேட்டனர். முன்னாள் தொழிலாளர் தம் உடல்நோவுகளைக் கூறினர், சான்றுகள் திரண்டன. அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. 2003இல் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேற்றப்பட்டது. 2016இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு நிறுவனம் உடன்பாட்டின்படி பணம் வழங்க வேண்டியதாயிற்று.

வெள்ளிபோல் மின்னும் பாதரசத்தை அழகென்று வருணித்திருந்தால் என்னவாகியிருக்கும்? அழகான கட்டுரை ஒன்று கிடைத்திருக்கும். நஞ்சு மண்ணிலே தங்கியிருக்கும். "தலைவிதி" என்று அடங்கியிருந்தால்? மதுராபதியின் விளக்கம் மீண்டும் ஒருமுறை வென்றிருக்கும். ஊரார் செய்தது கண்ணகியின் வேலை. கண்டனர், கேட்டனர், திரட்டினர், அடுக்கினர், உரைத்தனர். கட்டுரையின் படிகள் எவையோ, அவையே உரிமைப்போரின் படிகள். அதனால்தான் ஆள்வோரும் முதலாளிகளும் அழகிய கையெழுத்தை விரும்புகின்றனர். ஆராயும் எழுத்தை விரும்புவதில்லை.

பொறி எழுதும் காலம்

மற்றொன்றும் கூறவேண்டும். இன்று செயற்கை நுண்ணறிவுப் பொறி வந்துவிட்டது. 'இன்பச் சுற்றுலா' என்று இரண்டு சொல் இட்டால், நொடியிலே முன்னுரை முதல் முடிவுரை வரை பிழையின்றி எழுதித் தந்துவிடும். துணைநூலுக்கே துணை தேவைப்படும் காலம்! "ஐயையோ, மாணவர் ஏமாற்றுகிறார்களே!" என்று அலறுகிறார்கள் சிலர். அலறுவானேன்? நேற்றுவரை துணைநூலைப் பார்த்து எழுதியது நேர்மையா? எண்ணாமல் எழுதுவதுதான் கட்டுரை என்று நாம் கற்பித்தோம். எண்ணாமல் எழுதும் பொறி பிறந்து, நம்மைவிட நன்றாகவே எழுதுகிறது. அவ்வளவுதான்!

பொறியை மிரட்டிப் பயனில்லை. பொறி ஊரை நடந்து பார்க்காது. வடிகால் அடைபட்டிருப்பதைக் காணாது. காப்பி பறிக்கும் தாயிடம் கூலி எவ்வளவு என்று கேட்காது. வினா, திரட்டல், ஆய்தல் என்னும் முதல் மூன்று படிகளை வகுப்பிலே நடத்துங்கள். குறிப்புத் துண்டுகளைக் கேளுங்கள். அடித்துத் திருத்திய படியைக் கேளுங்கள். அப்போது பொறி மாணவனுக்கு வேலையாளாகும். இல்லையேல் மாணவன் பொறிக்கு எழுத்தனாவான்.

'எஸ்ஸே' என்று ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லின் வேர் பிரெஞ்சிலே இருக்கிறது. 1580இல் மொந்தேன் தம் உரைநடை நூலுக்கு அப்பெயர் இட்டார். அதன் பொருள் 'முயற்சி'. முயற்சி! முடிந்த முடிபன்று, முழங்கும் தீர்ப்பன்று, முயன்று பார்த்தல். எடைபோட்டுப் பார்த்தல். நம் பிள்ளைகளுக்கு நாம் மறுத்துவருவது அந்த ஒன்றைத்தான்.

தோழர்களே!

பள்ளிக்கல்வித்துறை 2022இல் மாணவர்க்கென ஊஞ்சல், தேன்சிட்டு என்னும் இதழ்களைத் தொடங்கியது. மாணவர் எழுத்து அச்சேற ஓர் இடம் கிடைத்தது, வரவேற்கிறோம். ஆனால் அரசு ஏற்பாட்டுக்காக மட்டும் காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் ஊரிலே படிப்பகம் இருக்கிறதா? மன்றம் இருக்கிறதா? மாலை நேரத்திலே பத்துப் பிள்ளைகள் கூடுவார்களா? ஒரு பெரிய மேசையும் ஒரு கட்டுத் தாள்துண்டுகளும் போதும். ஊரின் வினா ஒன்றை எடுங்கள். குளம் ஏன் நாறுகிறது? சுடுகாட்டுக்குப் பாதை ஏன் இரண்டு? பொதுக்குழாயில் யார் முதலில் பிடிக்கிறார், யார் கடைசியில் பிடிக்கிறார்? பிள்ளைகளை அனுப்புங்கள், பார்த்துவரட்டும், கேட்டுவரட்டும், துண்டுகளை அடுக்கட்டும். கையெழுத்து ஏடொன்று திங்களுக்கொருமுறை வரட்டும். எதை எண்ணவேண்டும் என்று நீங்கள் சொல்லாதீர்; எப்படி எண்ணவேண்டும் என்று காட்டுங்கள். நம் கருத்தையே அவர்கள் மறுத்து எழுதினால்? எழுதட்டும்! சான்று காட்டச் சொல்லுங்கள், காட்டினால் ஏற்றுக்கொள்ளுங்கள். நாம் சொன்னதை ஒப்பிக்கும் பிள்ளை நமக்கும் வேண்டாம்.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு ஒரே ஒரு கட்டுரையை இப்படி நடத்திப் பாருங்கள். நாற்பது ஏடுகளிலே நாற்பது வேறு கட்டுரைகள் வரும். திருத்துவது கடினந்தான். ஆனால் படிக்கச் சுவையாயிருக்கும்! உங்கள் மாணவர் யார் என்பது அப்போதுதான் உங்களுக்கே தெரியவரும்.

மலைமேல் நாற்காலி சுமந்தவனின் பேரப்பிள்ளை இன்று பள்ளியில் அமர்ந்திருக்கிறான். அவன் முன்னே வெள்ளைத் தாள் கிடக்கிறது. அதிலே எவரையும் சுமக்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. அவன் காணட்டும், வினவட்டும், திரட்டட்டும், அடுக்கட்டும், அடித்துத் திருத்தட்டும். பிறகு உரக்கப் படிக்கட்டும், ஊர் கேட்க!